நான் கேட்கத்தானே செய்கிறேன், பிள்ளை ஏன் பேச மாட்டேன் என்கிறான்?

ஜூன் 3, மாலை 6.20 | இழையைத் தொடங்கியவர்

மகனுக்கு ஏழு வயது. பள்ளிவிட்டு வந்ததும் "இன்னைக்கு ஸ்கூல் எப்படி இருந்துச்சு?" என்றால் "நல்லா இருந்துச்சு". "என்ன பண்ணீங்க?" என்றால் "ஒண்ணுமில்ல". அத்தோடு முடிந்தது. ஆனால் விளக்கை அணைத்த பிறகு எதையாவது ஆரம்பிப்பான். தூக்கத்தைத் தள்ளிப்போடும் வேலை என்று "நாளைக்குப் பேசலாம்" என்று சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் பேசுவதைக் காதுகொடுத்துக் கேளுங்கள் என்று சொல்லாதவர்கள் இல்லை. காது கொடுக்க நான் தயார். பேச்சுதான் வரவில்லை. இதில் பெற்றோர் செய்யக்கூடியது என்ன இருக்கிறது?

ஜூன் 3, இரவு 9.10 | ஆசிரியர் பயிற்றுநர்

"எப்படி இருந்துச்சு" என்பது பெரியவர்களையே திணறவைக்கும் கேள்வி. ஆறேழு மணி நேரத்தைச் சுருக்கி, அதற்கு ஒரு தீர்ப்பும் சொல்ல வேண்டும். ஏழு வயதில் இந்தச் சுருக்கும் திறமை பாதிதான் வந்திருக்கும். "நல்லா இருந்துச்சு" என்று சொன்னால் ஆளை விட்டுவிடுவார்கள் என்பது மட்டும் நன்றாகத் தெரிந்திருக்கும்.

வந்து அரை மணி நேரத்துக்குக் கேள்வியே வேண்டாம். நாள் முழுக்க யாராவது ஒருவர் அவனிடம் ஏதாவது கேட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறார்கள். பிறகு கேட்கும்போது ஆள், இடம், பொருள் என்று ஒன்றைப் பிடித்துக் கேளுங்கள். "மதியம் உன் பக்கத்துல யார் உட்கார்ந்தா?", "விளையாட விட்டப்போ எந்தப் பக்கம் போனீங்க?" இப்படிச் சின்னதாக ஒரு நுனி கிடைத்தால் மீதி நினைவு பின்னாலேயே வரும். இன்னும் நல்ல வழி, நீங்கள் முதலில் உங்கள் நாளில் நடந்த ஒரு சின்ன விஷயத்தைச் சொல்லிவிட்டுச் சும்மா இருப்பது. கேள்வி எதுவும் வைக்காதீர்கள். பல பிள்ளைகள் அந்த இடத்தில்தான் தொடங்குவார்கள்.

இரவில் பேசுவதைத் தந்திரம் என்று தள்ளிவிடாதீர்கள். தந்திரமும் கொஞ்சம் இருக்கலாம். ஆனால் இருட்டில் முகம் பார்க்க வேண்டியதில்லை, அடுத்த வேலை என்று எதுவும் காத்திருக்கவில்லை, பக்கத்தில் இருப்பவர் எழுந்து போகப்போவதும் இல்லை. பகலில் இந்த மூன்றும் ஒரே நேரத்தில் கிடைப்பது அரிது. படுக்கும் நேரத்தைக் கால் மணி நேரம் முன்னால் நகர்த்திப் பாருங்கள். தூக்கமும் கெடாது, பேச்சுக்கும் இடம் கிடைக்கும்.

ஜூன் 4, காலை 7.05 | ஆசிரியர் பயிற்றுநர்

நேற்று எழுதியது பேச்சைத் தொடங்கிவைக்க. தொடங்கிய பிறகு நடப்பதுதான் முக்கியம்.

கவனித்துக் கேட்டோமா என்று பார்க்க ஓர் எளிய சோதனை உண்டு. நீங்கள் அடுத்து சொன்ன வாக்கியம், பிள்ளை கடைசியாகச் சொன்னதிலிருந்து வந்ததா, அல்லது உங்கள் மனதில் ஏற்கெனவே இருந்ததா? ஏற்கெனவே இருந்தது என்றால், கண்ணைப் பார்த்துத் தலையாட்டியிருந்தாலும் அது உங்கள் முறைக்காகக் காத்திருந்தது மட்டுமே.

ஓர் உதாரணம். பிள்ளை சொல்கிறது: "இன்னைக்கு அவங்க என்னைச் சேத்துக்கல." நம் வாயில் சட்டென்று வருபவை:

"நீ என்ன பண்ணினே?" (விசாரணை)
"போனா போறாங்க, வேற ஃப்ரெண்ட்ஸ் இல்லையா?" (ஆறுதல்)
"நாளைக்கு நீயே போய் கேளு." (அறிவுரை)
"நான் டீச்சர்கிட்ட பேசறேன்." (பொறுப்பைப் பிடுங்கிக்கொள்வது)
"இதுக்கெல்லாமா அழறது?" (சிறுமைப்படுத்துவது)

ஐந்தும் அக்கறையில் வருபவைதான். ஐந்துக்குப் பிறகும் பேச்சு நின்றுவிடும். அமெரிக்க உளவியலாளர் தாமஸ் கார்டன் 1962-ல் பெற்றோருக்கான பயிற்சி வகுப்புகளைத் தொடங்கியவர். இப்படிப் பேச்சை மறிக்கும் பதில்களை அவர் 12 வகையாகப் பிரித்தார். பாராட்டும் ஆறுதலும்கூட அந்தப் பட்டியலில் உண்டு. பலருக்கு இது அதிர்ச்சியாக இருக்கும். பிள்ளை இன்னும் பாதியில் இருக்கும்போது வரும் ஆறுதல், "போதும், முடி" என்றுதான் அதன் காதில் விழுகிறது.

பதிலுக்கு: "சேத்துக்கவே இல்லையா..." என்று இழுத்து நிறுத்துங்கள். பிறகு வாயைத் திறக்காதீர்கள். அடுத்து வருவது பெரும்பாலும் நீங்கள் ஊகித்ததாக இருக்காது. "ரெண்டு டீம் பிரிச்சாங்க. நான் ஒருத்தன் மிச்சமாயிட்டேன்." விலக்கிவைத்தார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தீர்கள், இங்கே விஷயம் ஒற்றைப்படை எண்ணிக்கை. நாளைக்குப் போய்க் கேள் என்ற அறிவுரையை முதலிலேயே கொடுத்திருந்தால் அது இல்லாத நோய்க்கு மருந்தாகியிருக்கும்.

ஜூன் 4, இரவு 8.45 | நான்காம் வகுப்பு ஆசிரியை

வீட்டில் ஒரு பிள்ளை, இரண்டு பிள்ளை. வகுப்பில் நாற்பது. "வாயைத் திறக்காமல் இருங்கள்" என்றால் அந்த மௌனத்தில் பின்வரிசை சந்தையாகிவிடும். பாடமும் முடிய வேண்டும். வகுப்புக்குப் பொருந்துகிற மாதிரி ஏதாவது சொல்லுங்கள்.

ஜூன் 5, காலை 6.50 | ஆசிரியர் பயிற்றுநர்

வகுப்புக்காகவே நடந்த வேலை ஒன்று உண்டு. மேரி பட் ரோ என்ற அமெரிக்க அறிவியல் கல்வியாளர் 1960-களின் பிற்பகுதியிலிருந்து வகுப்பறை ஒலிப்பதிவுகளைக் கடிகாரம் வைத்து அளந்தார். ஆசிரியர் கேள்வி கேட்ட பிறகு காத்திருந்தது சராசரியாக ஒரு நொடி. அதற்குள் பதில் வராவிட்டால் கேள்வியைத் திருப்பிக் கேட்டார்கள், மாற்றிக் கேட்டார்கள், அல்லது வேறு பிள்ளையைக் கூப்பிட்டார்கள். அதை 3 நொடிக்கு மேல் நீட்டச் செய்தபோது பதில்களின் நீளம் பல மடங்கு கூடியது. பதிலே வராமல் போவது குறைந்தது, பிள்ளைகள் தாங்களாகக் கேள்வி கேட்பது அதிகமானது. வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள்.

அவர் அளந்தது இரண்டு இடைவெளிகளை. முதலாவது கேள்விக்குப் பின் வருவது, இது எல்லோருக்கும் தெரியும். இரண்டாவது பிள்ளை பதில் சொல்லி நிறுத்திய பின் வருவது. இதைத்தான் விட்டுவிடுகிறோம். ஒன்பது வயதுப் பிள்ளை ஒரு வாக்கியம் சொல்லி மூச்சு வாங்கும். "ஏன்னா..." என்று தொடங்க அதற்கு இன்னும் இரண்டு நொடி வேண்டும். அதற்குள் நாம் "வெரி குட்!" என்று சொல்லிவிடுகிறோம். பாராட்டியது போல இருக்கிறது, ஆனால் யோசனையின் கழுத்தில்தான் கை வைத்திருக்கிறோம். இரண்டில் ஒன்றைத்தான் மாற்ற முடியும் என்றால் இரண்டாவதை மாற்றுங்கள்.

செய்முறை: கேள்வியை ஒரே தடவை கேளுங்கள். மனதுக்குள் நிதானமாக மூன்று எண்ணுங்கள். கையைத் தூக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முதல் கை உயர்ந்ததுமே மற்றவர்கள் யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள். நீங்கள் பயப்படும் பின்வரிசைக்கு, காத்திருக்கும் நேரத்தில் பக்கத்தில் இருப்பவரிடம் பதிலைச் சொல்லும் வேலையைக் கொடுங்கள். நாற்பது பேரில் இருபது பேர் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருப்பார்கள், நீங்கள் நடந்துகொண்டே இரண்டு மூன்று ஜோடிகளைக் கவனிக்கலாம்.

தவறு நடக்கும் இடம்: காத்திருக்க முடியாமல் கேள்வியை வேறு வார்த்தைகளில் மாற்றிக் கேட்பது. பிள்ளைக்கு அது புதுக் கேள்வி. பாதி யோசித்ததைப் போட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

ஜூன் 5, மதியம் 1.15 | ஆசிரியர் பயிற்றுநர்

மேலே எழுதியதற்கு ஓர் எல்லை. வாய்ப்பாடு, எழுத்துக்கூட்டல் போல மனப்பாடத்திலிருந்து வர வேண்டியவற்றுக்கு இவ்வளவு காத்திருக்கத் தேவையில்லை. ஏழெட்டு ஐம்பத்தாறு என்பது யோசித்து வருவதில்லை. அங்கே நீண்ட மௌனம், தெரியாத பிள்ளையை எல்லோர் முன்னாலும் நிறுத்திவைத்தது போலாகும். "ஏன்", "எப்படி", "உனக்கு என்ன தோணுது" என்பவற்றுக்குத்தான் அந்த மூன்று நொடி.

ஜூன் 6, இரவு 10.00 | ஆசிரியர் பயிற்றுநர்

ஆசிரியை கணக்கு எடுப்பவர் என்று அவருடைய வேறொரு இழையில் பார்த்தேன். கணக்கில் கவனித்துக் கேட்பதன் பலன் உடனே தெரியும்.

52 − 27 = 35 என்று எழுதியிருக்கிறது. சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டு "கவனமாகச் செய்" என்று எழுதுவது வழக்கம். பிள்ளை கவனமாகத்தான் செய்திருக்கிறது. "எப்படிப் போட்டே, சொல்லு" என்று கேட்டுப் பாருங்கள். "அஞ்சுல ரெண்டு போனா மூணு. ஏழுல ரெண்டு போனா அஞ்சு." ஒவ்வொரு இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைக் கழிக்கிறது. "பெரிசுலேர்ந்துதான் சின்னதைக் கழிக்கணும்" என்று கீழ் வகுப்பில் யாரோ சொன்னதை ஒழுங்காகக் கடைப்பிடித்ததன் விளைவு இது. 81 − 46 கொடுங்கள், 45 என்று எழுதும். 64 − 31 கொடுங்கள், 33 என்று சரியாக எழுதும். இதே மாதிரி இன்னும் பத்துக் கணக்கு வீட்டுப்பாடமாகக் கொடுத்தால் தவறான விதியைப் பத்துத் தடவை பயிற்சி செய்துவிட்டு வரும்.

0.45 பெரிதா 0.5 பெரிதா என்றால் 0.45 என்கிறதா? 45, 5-ஐ விடப் பெரிது என்பது அதன் காரணம். 1/8 பெரிதா 1/4 பெரிதா என்றால் 1/8 என்கிறதா? 8, 4-ஐ விடப் பெரிது. இரண்டிலும் முழு எண்ணின் விதி பின்னத்துக்குள் நுழைந்திருக்கிறது. முதல் பிள்ளைக்குப் பத்தில் ஒன்று, நூறில் ஒன்று என்று கட்டம் போட்ட தாள் வேண்டும். இரண்டாவது பிள்ளைக்கு ஒரே நீளமுள்ள இரண்டு காகிதப் பட்டைகளை மடித்துப் பார்க்க வேண்டும். விடையை மட்டும் பார்த்தால் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது.

"எப்படிப் போட்டே?" என்பதைச் சரியான விடைக்கும் கேளுங்கள். தவறுக்கு மட்டும் கேட்டால், ஒரே வாரத்தில் அந்தக் கேள்விக்கே "நீ தப்பு" என்று பொருளாகிவிடும். பிள்ளை உடனே ரப்பரை எடுத்து அழிக்கத் தொடங்கும்.

விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கார்ப்பென்டர், ஃபெனெமா குழுவினர் 1989-ல் வெளியிட்ட ஆய்வில் முதல் வகுப்பு ஆசிரியர்கள் 40 பேர். அதில் பாதிப் பேருக்குப் பிள்ளைகள் கூட்டல் கழித்தலை எப்படி யோசிக்கிறார்கள் என்பதில் பயிற்சி கொடுத்தார்கள். எப்படிப் பாடம் நடத்துவது என்று கட்டளையிடவில்லை. அந்த ஆசிரியர்கள் பிள்ளைகளின் வழிமுறைகளை அதிகம் கேட்டார்கள், அடிப்படைக் கூட்டல் பயிற்சிக்குக் குறைந்த நேரமே செலவிட்டார்கள். அப்படியும் அடிப்படைக் கூட்டலில் அவர்களுடைய பிள்ளைகள் பின்தங்கவில்லை, முன்னால்தான் இருந்தார்கள்.

ஜூன் 7, மாலை 7.30 | இழையைத் தொடங்கியவர்

"சேத்துக்கலையா..." பாணியில் செய்து பார்த்தேன். "அதைத்தானே நான் சொன்னேன்!" என்று கோபப்பட்டான்.

ஜூன் 7, இரவு 9.40 | ஆசிரியர் பயிற்றுநர்

அப்படியே திருப்பிச் சொன்னால் கிளிப்பிள்ளை போலத்தான் இருக்கும். அவனுடைய கோபம் நியாயமானது. கடைசி வார்த்தையைத் திருப்பிச் சொல்வது ஒரு பேச்சில் ஒரு தடவை எடுபடும். அதற்கு மேல் ஓர் அடி முன்னே போக வேண்டும்: அவன் சொல்லாமல் விட்டதை ஊகித்துச் சொல்வது.

"என் படத்தை யாருமே பாக்கல." இதற்கு "யாரும் பாக்கலையா" என்பது கிளி. "ரொம்ப நேரம் உக்காந்து வரைஞ்சே, யாராவது பாப்பாங்கன்னு இருந்தே" என்பது ஊகம். ஊகம் தவறாக இருந்தாலும் நஷ்டமில்லை. "இல்ல, டீச்சர் மட்டும் பாத்தா போதும்னு நெனச்சேன்" என்று திருத்துவான். அந்தத் திருத்தத்தில்தான் விஷயம் இருக்கிறது. திருத்த விட வேண்டும் என்பது மட்டும் முக்கியம். "இல்லை, உனக்கு வருத்தம்தான்" என்று பிடிவாதம் பிடிக்கக் கூடாது.

குரல் கேள்வியாக ஏறாமல் கீழே இறங்கட்டும். "கோவமா இருக்கியா?" என்றால் ஆம் இல்லை என்று ஒற்றைப் பதில் வரும். "கோவமா இருக்கும்போல" என்றால் பேச்சு தொடர இடமிருக்கிறது. அளவும் பிள்ளையின் அளவாகவே இருக்கட்டும். லேசான எரிச்சலுக்கு "ஐயோ, மனசு உடைஞ்சே போயிருக்குமே" என்றால், ஒன்று அவன் வெட்கப்படுவான், அல்லது அந்தப் பெரிய வேஷத்தை எடுத்துப் போட்டுக்கொள்வான்.

அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன் 1990-களில் பெற்றோரின் பேச்சை ஆராய்ந்து ஐந்து படிகளைச் சொன்னார்: பிள்ளையின் உணர்ச்சியைக் கவனிப்பது, நெருங்கவும் கற்பிக்கவும் அதை ஒரு வாய்ப்பாகப் பார்ப்பது, புரிந்துகொண்டு கேட்பது, அதற்கு ஒரு பெயர் கொடுக்க உதவுவது, கடைசியாக, எல்லை வகுத்து வழி தேடுவது. இதில் ஐந்தாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். "தங்கச்சி பிச்சுட்டாளேன்னு கோவம். கோவம் வரும். ஆனா அடிக்கக் கூடாது. வேற என்ன பண்ணலாம்?" உணர்ச்சிக்குத் தடையில்லை, செய்கைக்கு உண்டு. இரண்டும் ஒரே மூச்சில் வர வேண்டும்.

ஜூன் 8, காலை 11.20 | பேச்சு சிகிச்சையாளர்

இதுவரை வராத சில விஷயங்கள்.

காது. "சொன்னா கேக்கவே மாட்டேங்கிறான்" என்று அழைத்துவரப்படும் பிள்ளைகளில் சிலருக்கு உண்மையிலேயே காது சரியாகக் கேட்பதில்லை. சளிக்குப் பிறகு செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்துக்கொள்ளும். வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது. ஒரு நாள் நன்றாகக் கேட்கும், மறுநாள் மந்தமாக இருக்கும். அதனால்தான் "வேணும்னே பண்றான்" என்று தோன்றுகிறது. பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பவில்லை, டிவி சத்தத்தைக் கூட்டுகிறது, அடிக்கடி "ஆங்?" என்கிறது, இரைச்சலான இடத்தில் மட்டும் சொன்னதைச் செய்வதில்லை என்றால் முதலில் செவித்திறன் பரிசோதனை. பெரும்பாலும் சில மாதங்களில் தானாக வடிந்துவிடும். ஆனால் அந்த மாதங்களில் வகுப்பில் பாதிப் பாடம் போய்விடும். முன்வரிசையில் உட்காரவைப்பது, முகம் தெரிய நின்று பேசுவது இரண்டும் அன்றைக்கே செய்யக்கூடியவை.

திக்கல். இரண்டிலிருந்து ஐந்து வயதுக்குள் பல பிள்ளைகள் கொஞ்ச காலம் திக்குவார்கள், பெரும்பாலோருக்குச் சரியாகிவிடும். "மெதுவாப் பேசு", "மூச்சு இழுத்துட்டுச் சொல்லு" என்று சொல்லாதீர்கள். வாயில் நிற்கும் வார்த்தையை நீங்கள் முடித்துக் கொடுக்காதீர்கள். உங்கள் பேச்சின் வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள், பிள்ளை முடித்த பிறகு ஒரு நொடி விட்டுப் பதில் சொல்லுங்கள், கண்ணை விலக்காதீர்கள். எப்படிப் பேசியது என்பதற்கு வேண்டாம், என்ன சொன்னது என்பதற்குப் பதில் சொல்லுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தாலும், முகத்திலோ கழுத்திலோ இறுக்கம் தெரிந்தாலும், குடும்பத்தில் வேறு யாருக்காவது திக்கல் இருந்தாலும் காத்திருக்காமல் சிகிச்சையாளரைப் பாருங்கள்.

பேச்சு வளர நாம் நிறையப் பேச வேண்டும் என்பது பாதி உண்மை. ரேச்சல் ரோமியோ குழுவினர் 2018-ல் நான்கு முதல் ஆறு வயது வரையிலான 36 பிள்ளைகளிடம் வீட்டுப் பேச்சைப் பதிவு செய்து, கதை கேட்கும்போது மூளையையும் படம்பிடித்தார்கள். பெரியவர்கள் எத்தனை வார்த்தை பேசினார்கள் என்பதை விட, பேச்சு எத்தனை தடவை கைமாறியது என்பதுதான் மூளையின் மொழிப் பகுதியின் செயல்பாட்டோடு ஒத்துப்போனது. ஒரே ஆய்வு, சின்ன எண்ணிக்கை, உறவைக் காட்டுகிறதே தவிரக் காரணத்தை நிரூபிக்கவில்லை. ஆனாலும் சிகிச்சை அறையில் தினமும் பார்ப்பதோடு பொருந்துகிறது.

ஜூன் 8, காலை 11.35 | பேச்சு சிகிச்சையாளர்

ஃபோனை மறந்துவிட்டேன். 2017-ல் 38 தாய்மாரிடம், இரண்டு வயதுப் பிள்ளைக்கு இரண்டு புது வார்த்தைகளைக் கற்றுத்தரச் சொன்னார்கள். ஒரு வார்த்தையின் நடுவில் ஃபோன் அழைப்பு வந்தது, மற்றதில் வரவில்லை. இரண்டு வார்த்தைகளும் காதில் விழுந்த எண்ணிக்கை ஒன்றுதான். இடையில் அறுபடாத வார்த்தையைப் பிள்ளைகள் கற்றார்கள், அறுபட்டதைக் கற்கவில்லை. ஆகவே "அப்புறம் சேர்த்துப் பேசிக்கொள்ளலாம்" என்ற கணக்கு எப்போதும் செல்லுபடியாகாது. பேச உட்காரும்போது ஃபோனைக் கவிழ்த்து வைத்தால் போதாது, வேறு அறையில் வையுங்கள்.

ஜூன் 10, இரவு 8.15 | நான்காம் வகுப்பு ஆசிரியை

அலறி அழும் பிள்ளையிடம் இந்த "கோவமா இருக்கும்போல" எல்லாம் செல்லுமா? ஒருவன் நாற்காலியைத் தள்ளிவிட்டு மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்கிறான்.

ஜூன் 10, இரவு 9.50 | ஆசிரியர் பயிற்றுநர்

செல்லாது. உச்சத்தில் இருக்கும்போது நீண்ட வாக்கியம் எதுவும் உள்ளே போகாது. அப்போது கேட்பது என்றால் பக்கத்தில் இருப்பது, அவ்வளவுதான்.

மேஜைக்கு அடியில் இருப்பவனை வெளியே இழுக்காதீர்கள். கையெட்டாத தூரத்தில், அவன் உயரத்துக்கு, பக்கவாட்டில் உட்காருங்கள். நேருக்கு நேர் உட்கார்ந்தால் வழியை மறித்தது போலிருக்கும். இடிபடக்கூடியதை நகர்த்துங்கள். மற்ற பிள்ளைகளுக்கு வேறு வேலை கொடுத்து அவர்கள் கண்களை அங்கிருந்து எடுங்கள், பார்வையாளர்கள் இருக்கும்வரை எந்தப் பிள்ளையும் இறங்கிவர முடியாது. "இங்கேதான் இருக்கேன்" என்ற இரண்டு வார்த்தை போதும். மூச்சு சீராகி, கண் உங்களைத் தேடும்போது தண்ணீர் கொடுங்கள்.

பேச்சு அதற்கும் பிறகு, குறைந்தது இருபது நிமிடம் கழித்து. "ஏன் இப்படிப் பண்ணினே?" வேண்டாம். அந்த வயதில் அதற்கு விடை தெரியாது, ஏதாவது ஒன்றை உண்டாக்கிச் சொல்வான். "நாற்காலிக்கு முன்னாடி என்ன நடந்துச்சு?" என்று ஒரு படி பின்னால் போய்க் கேளுங்கள். அதற்கும் முன்னால் என்ன, அதற்கும் முன்னால் என்ன என்று மூன்று படி போனால், பெரும்பாலும் ஒரு சின்னச் சீண்டலோ புரியாத ஒரு பாடமோ கிடைக்கும்.

ஜூன் 12, காலை 7.40 | நான்காம் வகுப்பு ஆசிரியை

எப்போதும் உணர்ச்சியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் பிள்ளை அதிலேயே ஊறிப்போகாதா?

ஜூன் 12, இரவு 9.05 | ஆசிரியர் பயிற்றுநர்

ஊறும். அமண்டா ரோஸ் 2002-ல் வெளியிட்ட ஆய்வு தோழிகள், தோழர்களிடையே நடக்கும் பேச்சைப் பற்றியது. ஒரே பிரச்சினையைத் திரும்பத் திரும்பப் பேசித் துருவிக்கொண்டே இருக்கும் ஜோடிகளிடம் நட்பும் நெருக்கமாக இருந்தது, மனச்சோர்வும் பதற்றமும் கூடவே அதிகமாக இருந்தன. பெற்றோரிடமும் இது நடக்கலாம். பள்ளியிலிருந்து வந்ததும் "இன்னைக்கும் அவன் ஏதாவது சொன்னானா?" என்று தினம் கேட்டால், பிள்ளை அதைத் தேடிக் கொண்டுவரத் தொடங்கும்.

அளவுகோல் இதுதான்: புதிதாக ஏதாவது வந்துகொண்டிருக்கும்வரை கேளுங்கள். அதே வாக்கியம் அதே தொனியில் மூன்றாவது தடவை வந்தால், "இப்போ என்ன பண்ணலாம்னு தோணுது?" என்று திருப்புங்கள். "தெரியல" என்றால் இரண்டு வழிகளைச் சொல்லி எது பரவாயில்லை என்று கேளுங்கள். பேசி முடித்ததும் எழுந்து வேறு வேலைக்குப் போங்கள். பேச்சு முடிந்துவிட்டது என்று உடம்புக்கும் தெரிய வேண்டும்.

சோகத்துக்கு மட்டும் காது கொடுத்தாலும் கோளாறுதான். மண்புழுவைப் பார்த்ததையும் பந்தைப் பிடித்ததையும் சொல்லவரும்போது அதே கவனம் கிடைத்தால், கவனம் வாங்க அழ வேண்டியதில்லை என்று பிள்ளைக்குத் தெரியும்.

ஜூன் 15, இரவு 10.30 | ஆசிரியர் பயிற்றுநர்

இதை எழுதாமல் இந்த இழையை விட முடியாது. நன்றாகக் கேட்கத் தொடங்கினால் ஒரு நாள் பெரிய விஷயமும் வரும். யாரோ தொட்டதாக, அடித்ததாக, மிரட்டியதாக.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு" என்று பிள்ளை முதலில் கேட்கும். சத்தியம் செய்யாதீர்கள். "உன்னைப் பத்திரமா வெச்சுக்க வேண்டியவங்ககிட்ட மட்டும் சொல்லுவேன். அதையும் உன்கிட்ட முதல்ல சொல்லிட்டுத்தான் செய்வேன்." சில பிள்ளைகள் இதைக் கேட்டு நிறுத்திவிடும். அப்படி நிறுத்தினாலும், சத்தியம் செய்துவிட்டு மீறுவதை விட மேல்.

முகத்தில் அதிர்ச்சி காட்டாமல் இருக்க முயலுங்கள். பிள்ளை உங்கள் முகத்தைப் பார்த்து எவ்வளவு சொல்லலாம் என்று முடிவு செய்யும். "சொல்லு, கேட்டுக்கிட்டிருக்கேன்", "அப்புறம் என்ன நடந்துச்சு?" இவற்றைத் தாண்டிக் கேட்காதீர்கள். "அவரா பண்ணினார்?", "இங்கே தொட்டாரா?" என்று பெயரையும் இடத்தையும் நீங்கள் முதலில் சொல்லக் கூடாது. மைக்கேல் லாம்ப் போன்றவர்கள் பிள்ளைகளை விசாரிக்கும் முறைகளை நீண்ட காலம் ஆராய்ந்தவர்கள். திறந்த கேள்விகளுக்கு வரும் பதில்கள்தான் அதிகம் துல்லியமாக இருக்கின்றன. ஆம் இல்லை கேள்வியைத் திரும்பக் கேட்டால், முதலில் சொன்னது தப்பு போலிருக்கிறது என்று நினைத்துச் சின்னப் பிள்ளைகள் பதிலை மாற்றிவிடும். பிறகு உண்மையையே யாரும் நம்பமாட்டார்கள்.

கேட்டு முடித்ததும்: "சொன்னது நல்லது. இது உன் தப்பில்ல." அன்றைக்கே பிள்ளை சொன்ன வார்த்தைகளை, உறுப்புகளுக்கு அது சொன்ன பெயர் உட்பட, மாற்றாமல் எழுதி நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். சம்பந்தப்பட்டவராகச் சொல்லப்படுபவரிடம் நீங்களே போய்க் கேட்காதீர்கள். உங்கள் பகுதியின் குழந்தைப் பாதுகாப்பு அமைப்பிடமோ காவல் துறையிடமோ அன்றே சொல்லுங்கள். குடும்பத்தில் ஒவ்வொருவரிடமும் பிள்ளையை மறுபடி மறுபடி சொல்லவைக்காதீர்கள்.

ஜூன் 16, காலை 7.00 | பேச்சு சிகிச்சையாளர்

மேலே உள்ளதோடு ஒன்று. பேச்சு குறைவான பிள்ளைகள், பேசவே இயலாத பிள்ளைகள் படத்தைக் காட்டியோ சைகையாலோ சொல்வார்கள். படங்களைத் தொட்டுச் சொல்ல அவர்கள் வைத்திருக்கும் தொடர்புப் பலகையில் உடல் உறுப்புகள், "வேண்டாம்", "நிறுத்து", "வலிக்குது", "பயமா இருக்கு" ஆகியவை இருக்கின்றனவா என்று இன்றைக்கே பாருங்கள். பல பலகைகளில் கேட்டு வாங்கும் பொருள்களின் படங்கள் மட்டும்தான் இருக்கின்றன.

ஜூன் 19, மாலை 6.45 | இழையைத் தொடங்கியவர்

பேச்சு வரத் தொடங்கியிருக்கிறது, தங்கையும் கூடவே வருகிறாள். நான்கு வயது. அவன் வாயைத் திறந்தால் அவள் நடுவில் புகுந்து கத்துகிறாள். வேலையில் இருக்கும்போது இரண்டு பேரும் சேர்ந்து வருகிறார்கள். யாருக்குக் காது கொடுப்பது?

ஜூன் 19, இரவு 9.30 | ஆசிரியர் பயிற்றுநர்

இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் முடியாது. முடியும் என்று காட்டவும் வேண்டாம். அவள் நடுவில் வரும்போது கையை அவள் தோளில் வைத்துக்கொள்ளுங்கள், கண் அவனிடமே இருக்கட்டும். "அண்ணா முடிச்சதும் உன் முறை" என்று ஒரே தடவை சொல்லுங்கள். நான்கு வயதில் ஒரு நிமிடம் காத்திருப்பதே பெரிது, ஆகவே அவன் பேச்சில் ஒரு நிறுத்தம் வந்ததும் முறையை மாற்றுங்கள். "நீ சொன்ன அந்த டீம் விஷயத்துல நிக்கிறோம், திரும்பி வரேன்" என்று அவனிடம் இடத்தைக் குறித்துவிட்டுப் போங்கள். அவளுக்கும் அவனுக்கும் தனித்தனியாக நாளைக்குப் பத்து நிமிடம் ஒதுக்க முடிந்தால் இந்தப் போட்டி நன்றாகவே தணியும். அந்தப் பத்து நிமிடத்தில் என்ன செய்வது என்பதைப் பிள்ளை முடிவு செய்யட்டும், நீங்கள் திருத்தவோ சொல்லிக்கொடுக்கவோ வேண்டாம்.

வேலையில் இருந்தால், "ம்... ம்..." என்று பாதிக் காது கொடுப்பதை விட "இப்போ முடியாது" என்பது நேர்மை. கூடவே ஒரு நேரம் சொல்லுங்கள். "அப்புறம்" என்பது அவர்களுக்கு நேரம் ஆகாது. "இந்தப் பாத்திரத்தைக் கழுவி முடிச்சதும்" என்றால் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள். முடித்ததும் நீங்களே போய், அவன் சொன்ன வார்த்தையாலேயே எடுத்துக் கொடுங்கள்: "ரெண்டு டீம் பிரிச்சாங்கன்னு சொன்னியே, அப்புறம்?" அவனுக்கு ஆர்வம் போயிருக்கலாம், "ஒண்ணுமில்ல" என்று ஓடலாம். ஓடட்டும். அடுத்த தடவையும் இப்படியே செய்யுங்கள்.